ஓட்டுநர் உரிமம் காலாவதியாகும் நாள்

மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிக்கொண்டு தில்லியை நோக்கிப் புறப்படும் ஒரு லாரி ஓட்டுநரை எண்ணிப் பார்க்கலாம். பீகாரில் பிறந்து, அங்கேயே உரிமம் பெற்று, பதினைந்து ஆண்டுகளாக வண்டி ஓட்டிவருபவர் அவர். குஜராத்தைக் கடந்து ராஜஸ்தானத்தில் வண்டி சென்றுகொண்டிருக்கும்போது ஓர் இரவு நள்ளிரவு கடக்கிறது. அத்துடன் அவருடைய சட்டைப் பையிலுள்ள அட்டையின் காலமும் முடிந்துவிடுகிறது. சாலை அதே சாலைதான், வண்டியும் அதே வண்டிதான், கைப்பழக்கமும் மாறவில்லை. ஆயினும் சட்டத்தின் பார்வையில் நேற்றுவரை உரிமம் பெற்ற ஓட்டுநராக இருந்தவர் இன்று உரிமமின்றி வண்டி ஓட்டுபவராகிறார்.

அட்டையின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள அந்தத் தேதியுடன் பலருடைய நலன் பிணைந்துள்ளது. ஓட்டுநருக்கு அது பிழைப்பு. வண்டியின் உரிமையாளருக்கு அது காப்பீடு. சாலையோரம் நடந்து செல்பவருக்கோ, விபத்து நேர்ந்தால் தம் குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டிய இழப்பீடு. இருந்தும் புதுப்பித்தல் என்பது கட்டணம் செலுத்தி முத்திரை பெறும் ஒரு சடங்காகவே பலராலும் கருதப்படுகிறது. அலுவலகங்களிலும் அது பெரும்பாலும் அவ்வாறே நடத்தப்படுகிறது.

இந்திய அரசியலமைப்பின் பொது அதிகாரப் பட்டியலில் 35-ஆவது இனமாக இயந்திர விசையால் இயங்கும் வாகனங்கள் இடம்பெற்றுள்ளன. ஆகவே உரிமம் பற்றிய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுகிறது. மத்திய அரசு விதிகளை வகுக்கிறது. உரிமத்தை வழங்குவதும் புதுப்பிப்பதும் மாநில அரசின் போக்குவரத்துத் துறையைச் சார்ந்தவை. ஒரு மாநிலத்தில் வழங்கப்பட்ட உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். வழங்கும் கை மாநிலத்தினுடையதாகவும், செல்லும் எல்லை நாடாகவும் இருப்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. இதன் சிக்கல்களிற் பலவும் இங்கிருந்தே தோன்றுகின்றன.

சட்டம் வளர்ந்த வழி

மோட்டார் வண்டி இந்தியாவுக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சட்டமும் வந்துவிட்டது. வங்காளத்தில் 1903-இலும் பம்பாய் மாகாணத்தில் 1904-இலும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மாகாணத்துக்கு மாகாணம் விதிகள் வேறுபட்டதால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க 1914-இல் நாடு முழுமைக்குமான இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பொது இடத்தில் வண்டி ஓட்டலாகாது என்றும், உரிமமின்றி எவரும் ஓட்டலாகாது என்றும் அச்சட்டம் கூறியது. அதனினும் விரிவான 1939-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பெற்று, 1989 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு உரிமம் எத்தனை காலம் செல்லும் என்பதையும், 15-ஆவது பிரிவு அதைப் புதுப்பிக்கும் முறையையும் கூறுகின்றன. இவ்விரு பிரிவுகளும் 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் பெரிதும் மாற்றப்பட்டன. மாற்றங்கள் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

உரிமத்துக்குக் கால வரம்பு ஏன் தேவை என்ற கேள்வி இயல்பாக எழலாம். பட்டப்படிப்புச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. நீச்சல் கற்றவர் அதை மறப்பதுமில்லை. வண்டி ஓட்டும் திறமையும் எளிதில் மறைவதன்று. ஆனால் அத்திறமையைத் தாங்கிநிற்கும் உடல் மாறிக்கொண்டே இருக்கிறது. கண்ணும் காதும் இருபது வயதில் இருந்தபடி ஐம்பது வயதில் இருப்பதில்லை. தேர்வு எழுதி உரிமம் பெற்ற ஒருவரை அதன்பின் அரசு மறுபடியும் நேராகப் பார்க்கும் வழக்கமான வேளை புதுப்பித்தல் ஒன்றுதான். கால வரம்பின் நோக்கம் இதுவே.

வயதும் காலமும்

திருத்தத்துக்கு முன்னர் சொந்த வாகனம் ஓட்டுபவரின் உரிமம் இருபது ஆண்டுகளுக்கோ, அவர் ஐம்பது வயதை எட்டும் வரையிலோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை செல்லுபடியானது. ஐம்பது வயதுக்குப் பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு படிகளை வகுத்தது. முப்பது வயது நிரம்பாதவர் பெறும் உரிமம் அவர் நாற்பது வயதை அடையும் வரை செல்லும். முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் இருப்பவருக்குப் பத்தாண்டுகள். ஐம்பது முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் இருப்பவருக்கு அறுபது வயது வரை. ஐம்பத்தைந்தைக் கடந்தவருக்கு ஐந்தாண்டுகள்.

இந்த மாற்றத்தின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பதினெட்டு வயதில் உரிமம் பெறும் இளைஞருக்கு முன்பு இருபது ஆண்டுகள் கிடைத்தன. முப்பத்தெட்டில் அவர் புதுப்பித்தார். நாற்பது வயது நிரம்பாததால் அப்போது மருத்துவச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அடுத்து ஐம்பது வயதில்தான் ஒரு மருத்துவர் அவரைப் பார்த்தார். புதிய ஏற்பாட்டில் அதே இளைஞருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கிடைக்கின்றன. ஆனால் நாற்பதாவது வயதிலேயே மருத்துவர் முன் நிற்கவேண்டும். இது நல்ல மாற்றம். மறுபுறம், நாற்பத்தொன்பது வயதில் புதுப்பிப்பவருக்கு முன்பு ஓராண்டே கிடைத்தது. ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் அவர் மீண்டும் வரவேண்டியிருந்தது. இப்பொழுது அவர் ஐம்பத்தொன்பது வயது வரை எவர் முன்னும் வரவேண்டியதில்லை. கண்புரையும் நீரிழிவால் வரும் விழித்திரைக் கோளாறும் தலைகாட்டத் தொடங்கும் பத்தாண்டு இது. அலைச்சல் குறைந்ததில் மகிழ்ச்சி உண்டு. சோதனையும் சேர்ந்து குறைந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

சட்டத்தின் எழுத்தில் இன்னொரு இடைவெளியும் உண்டு. காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது விதி. நாற்பது வயதில் முடியவேண்டிய உரிமத்தை ஒருவர் முப்பத்தொன்பது வயதிலேயே புதுப்பித்துக்கொண்டால், மருத்துவச் சான்றிதழ் இல்லாமலேயே மேலும் பத்தாண்டுகளைப் பெற்றுவிடுகிறார். முன்கூட்டி வருபவருக்கு வேறொரு சிறு இழப்பும் உண்டு. புதிய காலம் புதுப்பித்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால் பழைய உரிமத்தில் மீதமிருந்த மாதங்கள் அவர் கணக்கில் சேர்வதில்லை.

தொழிலாக வண்டி ஓட்டுவோருக்குக் கணக்கு வேறு. பேருந்து, லாரி, வாடகைக் கார் போன்றவை சட்டத்தில் போக்குவரத்து வாகனங்கள் எனப்படுகின்றன. இவற்றுக்கான உரிமம் முன்பு மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியானது. 2019 முதல் ஐந்தாண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அபாயகரமான சரக்குகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு முன்பிருந்த ஓராண்டு மூன்றாண்டுகளாயிற்று. அவர்கள் ஒவ்வொரு முறையும் புத்தாக்கப் பயிற்சி பெற்று வரவேண்டும். எரிவாயுவையும் அமிலத்தையும் ஏற்றிக்கொண்டு ஊர்களின் நடுவே செல்பவர்கள் அவர்கள் என்பதால் இக்கண்டிப்பு இன்றியமையாதது.

இவ்விரு வகைகளுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு நீண்டகாலம் வழக்காடப்பட்டது. இலகு ரக வாகன உரிமம் பெற்ற ஒருவர் சிறிய சரக்கு வண்டியையோ வாடகைக் காரையோ தனி அனுமதிக் குறிப்பு இன்றி ஓட்டலாமா என்பது கேள்வி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாயின் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அத்தகைய ஓட்டுநர்களால் விபத்துகள் பெருகின என்பதற்குப் புள்ளிவிவரச் சான்று எதுவும் காட்டப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இலட்சக்கணக்கானோரின் பிழைப்பைக் காத்த தீர்ப்பு இது. ஆயினும், தொழிலுக்கு வண்டி ஓட்டும் ஒருவர் சொந்த வாகன ஓட்டிக்குரிய நீண்ட காலத்தையே பெறும் நிலை இதன் பக்க விளைவாகிறது.

மருத்துவர் முன் ஒரு நிமிடம்

நாற்பது வயது நிரம்பாத சொந்த வாகன ஓட்டிக்கு அவருடைய சொல்லே சான்று. உடல்தகுதி பற்றிய உறுதிமொழிப் படிவத்தில் அவரே கையெழுத்திடுகிறார். காக்காய் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள மோட்டார் காரின் எண் பலகையைக் கண்ணாடி அணிந்தோ அணியாமலோ படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஒலிப்பான் ஓசை காதில் விழுகிறதா என்பவை அப்படிவத்தின் கேள்விகள். நாற்பதைக் கடந்தவரும், எவ்வயதினராயினும் போக்குவரத்து வாகனம் ஓட்டுபவரும் '1-ஏ' என்னும் படிவத்தில் மருத்துவச் சான்றிதழ் தரவேண்டும். அதில் கையொப்பமிடுபவர் மாநில அரசு இதற்கென அதிகாரமளித்த பதிவுபெற்ற மருத்துவராக இருத்தல் வேண்டும்.

கேள்விகளில் குறையில்லை. அவை கேட்கப்படும் விதத்தில்தான் குறை உள்ளது. விண்ணப்பதாரரை ஏறிட்டும் பாராமல் கையொப்பமிடும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியிருப்பதை அதிகாரிகள் அறிவர். எண் பலகையைப் படிக்கச் சொல்லும் சோதனையும் நல்ல பகல் வெளிச்சத்தில் நடப்பது. நெடுஞ்சாலை லாரிகளோ பெரும்பாலும் இரவில் ஓடுகின்றன. எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணில் பட்டபின் பார்வை தெளிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே அங்கு உயிர்காக்கும் கேள்வி. கண்புரை தொடங்கியவர் பகலில் எண்ணைத் தடையின்றிப் படித்துவிடுவார். இரவில் ஒளிச் சிதறலில் தடுமாறுவார். வாரத்தில் ஆறு இரவுகள் சாலையில் கழிக்கும் ஓட்டுநர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு. கண்புரை அறுவை செய்தால் தீரக்கூடியது. பார்வைக் குறைவு பெரும்பாலும் ஒரு கண்ணாடியால் சரியாகக்கூடியது. ஆகவே, புதுப்பிக்கும் வேளையில் செய்யப்படும் முறையான கண் பரிசோதனை ஓட்டுநரை வேலையிலிருந்து விலக்குவதைக் காட்டிலும் வேலையில் நிலைநிறுத்துவதற்கே பெரிதும் உதவும். சோதனையைக் கண்டு அஞ்சும் ஓட்டுநர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கும் உண்டு; உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் உண்டு.

உடற்குறை என்ற பெயரால் தேவையற்று விலக்குவதும் நியாயமன்று. செவித்திறன் இல்லாதோர் ஓட்டுத் தேர்வில் வெற்றி பெற்றால் உரிமம் பெறலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2011-இல் வழிகாட்டியது. மிதமான அளவு வரை நிறக்குருடு உள்ளோரும் உரிமம் பெறும் வகையில் மத்திய அரசு 2020 ஜூனில் படிவங்களைத் திருத்தியது. சாலைச் சந்திப்பின் விளக்குக் கம்பத்தில் சிவப்பு எப்போதும் மேலேயும் பச்சை கீழேயும் இருப்பதால், நிறம் மங்கலாகத் தெரிந்தாலும் இடத்தைக் கொண்டு அறியலாம்.

முப்பது நாட்களின் கதை

காலம் முடிந்த பின்னும் உரிமம் முப்பது நாட்கள் செல்லும் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கூறியிருந்தது. அந்த முப்பது நாட்களுக்குள் விண்ணப்பித்தவரின் உரிமம் பழைய காலம் முடிந்த நாளிலிருந்தே புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது; இடையில் ஒரு நாளும் விடுபடவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சலுகையை நீக்கியது. அத்திருத்தத்தின்படி, காலம் முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாலும் உரிமம் புதுப்பிக்கப்பட்ட நாளிலிருந்தே செல்லும். இடைப்பட்ட நாட்கள் வெறுமையாகவே நின்றுவிடும். ஓராண்டும் கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டுத் தேர்வில் தேறவேண்டும். முன்பு இந்த வரம்பு ஐந்தாண்டுகளாக இருந்தது. வளைகுடா நாடொன்றில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் நாள்தோறும் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பும் ஒருவர், இடையில் உரிமம் காலாவதியாகியிருந்தால், புதிதாகக் கற்றவர்களுடன் வரிசையில் நின்று தம் திறமையை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

உரிமமின்றி ஓட்டுவதற்கான அபராதம் முன்பு ஐந்நூறு ரூபாய் வரை இருந்தது. 2019-இல் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்தது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கும் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. ஆனால் இவற்றைவிடப் பெரிய சுமை காப்பீட்டின் வழியாக வருகிறது.

பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கும் காயமுற்றவருக்கும் இழப்பீடு கிடைப்பதை உறுதி செய்யவே அது ஏற்பட்டது. ஆயினும், ஓட்டியவரிடம் முறையான உரிமம் இல்லை என்பதைத் தற்காப்பாக எடுத்துரைக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் இடமளிக்கிறது. காலாவதியான உரிமம் அப்போது எவ்வாறு கருதப்படும்? ஈஸ்வர் சந்திரா என்பாரின் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை நேராகச் சந்தித்தது. உரிமம் முடிந்து, அன்று சட்டம் அளித்திருந்த முப்பது நாட்களும் கடந்து, விபத்தும் நிகழ்ந்த பின்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கப்பட்டிருந்தது. விபத்து நாளில் செல்லுபடியான உரிமம் இல்லை. ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்பது தீர்ப்பு. பின்னர் புதுப்பித்த உரிமம் பின்னோக்கிச் சென்று அந்த நாளைக் காப்பாற்றவில்லை.

இதற்கு முன்னரே, 2004-இல், சுவரண் சிங் வழக்கின் தீர்ப்பு பாதிக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பளிக்கும் ஒரு வழியைக் காட்டியிருந்தது. ஓட்டுநரிடம் உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. உரிமையாளர் போதிய கவனமின்றி நடந்துகொண்டார் என்பதையும் காப்பீட்டு நிறுவனமே மெய்ப்பிக்கவேண்டும் என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. தக்க வழக்குகளில் நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற கொள்கையும் அதில் வலுப்பெற்றது. எனவே இறந்தவரின் குடும்பம் எல்லா வழக்குகளிலும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. ஆனால் ஒரே ஒரு லாரியை வங்கிக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளர், வசூல் நடவடிக்கை தம்மிடம் வரும்போது வண்டியையும் வீட்டையும் இழக்கக்கூடும். உரிமையாளருக்குப் பொறுப்பில்லாமலும் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லாமலும் எவரும் தப்பிவிட முடியாதபடி சட்டம் அமைந்திருந்தாலும், வசதியற்ற உரிமையாளரிடமிருந்து பணம் பெறுவது எளிதன்று. இறுதியில் காத்திருப்பவர், கணவனை இழந்தவரோ கால் இழந்தவரோதாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளும் அவற்றில் 1,68,491 மரணங்களும் நேர்ந்தன என்று மத்திய அமைச்சகம் பதிவு செய்துள்ள நிலையில், ஒரு தேதி தவறுவதை அற்பமான குற்றம் எனத் தள்ளிவிட இயலாது.

அதே வேளையில், முப்பது நாள் சலுகை ஒரு சிறு கருணையாக இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. நோயுற்றுப் படுத்தவரும், வெள்ளத்தில் சிக்கிய ஊரில் இருந்தவரும், சாலையிலேயே வாழும் ஓட்டுநரும் அதனால் பயனடைந்தனர். அலுவலகமே மூடிக்கிடந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு கொரோனா பெருந்தொற்று விடை தேடச் செய்தது. 2020 பிப்ரவரி 1 முதல் காலாவதியான உரிமங்களைச் செல்லுபடியானவையாகக் கருதுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தி, அந்த ஏற்பாட்டை 2021 வரை பலமுறை நீட்டித்தது. கணினியே பழுதடைந்தாலும் இந்நிலை வரும். 2024 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை உரிமச் சேவைக்கான கணினித் தளம் தடைபட்டது. அந்நாட்களை ஒட்டிக் காலாவதியான உரிமங்கள் பிப்ரவரி 29 வரை செல்லும் என அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் இடர்ப்பாட்டுக்கு அறிவிப்பு ஒன்று போதுமாகிறது. தனி ஒருவருக்கு வரும் இடர்ப்பாட்டுக்குச் சட்டத்திலேயே சிறிது இடம் இருத்தல் நலம்.

எங்கே புதுப்பிப்பது

ராஜஸ்தானத்தில் நள்ளிரவைக் கடந்த பீகார் ஓட்டுநர் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டுமா? உரிமம் வழங்கும் எந்த அதிகாரியும் அதைப் புதுப்பிக்கலாம் என்றுதான் 15-ஆவது பிரிவு கூறுகிறது. முதலில் வழங்கியவர் வேறொருவராயின் புதுப்பித்த செய்தியை அவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதே நிபந்தனை. காகிதக் காலத்தில் இச்செய்தி அஞ்சலில் சென்றது. பல வேளைகளில் செல்லாமலும் போயிற்று. போலி உரிமங்கள் பெருகியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். ஓர் ஊரில் கள்ளத்தனமாக அச்சிட்ட உரிமத்தை வேறோர் ஊரில் புதுப்பித்துவிட்டால், உண்மையான முத்திரை அதன்மேல் ஏறிவிடுகிறது. ஆனால் போலி உரிமம் புதுப்பிக்கப்படுவதால் உண்மையானதாகிவிடாது என்று 2001-இல் கமலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புதுப்பிக்கும் அதிகாரி மூல உரிமத்தைச் சரிபார்க்கவேண்டியதன் அவசியம் இத்தீர்ப்பிலிருந்து விளங்கும்.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'சாரதி' என்னும் கணினித் தளம் இந்நிலையை மாற்றியது. மாநிலக் குறியீடு, அலுவலக எண், வழங்கிய ஆண்டு, வரிசை எண் ஆகியவற்றைக் கொண்ட உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் இட்டால் மூலப் பதிவு திரையில் தோன்றுகிறது. நாடு முழுமைக்குமான ஓட்டுநர் உரிமத் தேசியப் பதிவேடு ஒன்றுக்கும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. ஆதார் மூலம் அடையாளத்தை உறுதிசெய்துகொண்டு, அலுவலகத்துக்கு வராமலேயே பெறக்கூடிய சேவைகளாக 2021 மார்ச்சில் பதினெட்டினை மத்திய அரசு அறிவித்தது. ஓட்டுத் தேர்வு தேவைப்படாத உரிமப் புதுப்பித்தல் அவற்றுள் ஒன்று. 2022-இல் இப்பட்டியல் ஐம்பத்தெட்டாக விரிந்தது. இருப்பினும் எல்லா மாநிலங்களும் ஒரே வேகத்தில் இவற்றை ஏற்கவில்லை. கைப்பேசியில் படிவம் நிரப்பத் தெரியாதவர் அலுவலக வாயிலிலுள்ள தரகரையே நாடுகிறார். 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட மத்திய அட்டவணை புதுப்பித்தலுக்கு இருநூறு ரூபாயும் அட்டைக்கு இருநூறு ரூபாயும் விதித்தது. தாமதத்துக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. தரகர் கேட்பது இதனினும் பன்மடங்கு. உதவி மையம் ஒன்றை அலுவலகத்துக்குள்ளேயே நடத்துவது இதற்கு எளிய மாற்று.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் செய்வது என்ன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் அதிகாரி, காரணத்தை எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டும் என்று 17-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. அந்த ஆணை கிடைத்த முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "நாளை வாருங்கள்" என்ற வாய்மொழிக்கு மேல்முறையீடு இல்லை. எனவே எழுத்தாணை கேட்டுப் பெறுவது விண்ணப்பதாரரின் உரிமை. கணினித் திரையில் 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒரு சொல் மட்டும் தோன்றுவதும் சட்டம் கேட்கும் காரணமாகாது. எந்தச் சான்றில் என்ன குறை என்பதை அதிகாரி அதில் பதியவேண்டும்.

பழைய புத்தக வடிவிலும் கையெழுத்திலும் உரிமம் வைத்திருப்போர் இன்றும் உள்ளனர். அவர்களுடைய பெயர் கணினிப் பதிவேட்டில் ஏறாதிருந்தால் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைத் தளம் ஏற்காது. உரிமம் வழங்கிய அலுவலகத்தில் மூலப் பேரேட்டைப் பார்த்து முதலில் பதிவு செய்விக்கவேண்டும். பேரேடு கரையானுக்கு இரையாகியிருக்கலாம்; மாவட்டம் இரண்டாகப் பிரிந்து வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். ஆகையால் இவ்வேலைக்குக் கடைசி மாதத்தை நம்பியிராமல், காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே தொடங்குவது நன்று.